இருளத் தெரியாத நிறம்

உணவு வரவழைக்கும் செயலியோ, ரயில் டிக்கெட் எடுக்கும் தளமோ, வங்கிச் செயலியோ, ஏதோ ஒன்றில் ஓர் ஆரஞ்சுப் பொத்தான் உங்கள் கட்டைவிரலுக்காகக் காத்திருக்கும். அதன்மேல் இருக்கும் எழுத்து என்ன நிறம்? பெரும்பாலும் வெள்ளை. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், நவீனமாகவும் தோன்றும். ஆனால் இணைய வடிவமைப்புக்கென்று வகுக்கப்பட்ட அணுகல் விதிகளை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த வெள்ளை எழுத்து தேறாது. ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் கோட்டை விடுகிறது என்றால்கூடப் பரவாயில்லை. பல ஆரஞ்சுகள் தேர்ச்சி மதிப்பெண்ணில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டை ஒரு விகிதமாகச் சொல்கிறது. வெள்ளையின்மேல் கறுப்பு என்றால் 21-க்கு 1, அதற்குமேல் இல்லை. வெள்ளையின்மேல் வெள்ளை என்றால் 1-க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், தலைப்புப் போன்ற பெரிய எழுத்துக்கு 3 போதும். இனி ஆரஞ்சுக்கு வருவோம். உலாவியிடம் ‘ஆரஞ்சு’ என்று பெயர் சொல்லி நிறம் கேட்டால் அது தருவது சிவப்பு 255, பச்சை 165, நீலம் 0. அதன்மேல் வெள்ளை எழுத்து வைத்தால் விகிதம் 1.98. கறுப்பு எழுத்து வைத்தால் 10.6. ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். இருந்தும் வடிவமைப்பாளர்கள் வெள்ளையைத்தான் விரும்புகிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு அந்தக் கணக்கிலேயே ஒரு வேடிக்கையான விடை இருக்கிறது. ஒளிர்வைக் கணக்கிடும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் சமபங்கு கிடையாது. பச்சைக்கு 71.5 சதவீதம், சிவப்புக்கு 21.3, நீலத்துக்கு வெறும் 7.2. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளியை என்பதால் வந்த பங்கீடு இது. ஆரஞ்சைப் பார்க்கும் எவருக்கும் அதில் பச்சை இருப்பதாகவே தோன்றாது. ஆனால் மேலே சொன்ன ஆரஞ்சின் ஒளிர்வில் சுமார் 56 சதவீதம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பச்சையிலிருந்துதான் வருகிறது. சிவப்பின் உறவுக்காரன்போல முகம் காட்டினாலும், வெளிச்சக் கணக்கில் ஆரஞ்சு மஞ்சளின் வீட்டுப் பிள்ளை.

சரி, பச்சையைக் குறைத்துப் பார்க்கலாமே? 165-ஐ 102 ஆக்குவோம். செக்கச் செவேல் என்று ஒரு ஆரஞ்சு கிடைக்கும். வெள்ளை எழுத்துக்கான விகிதம் 2.9. இன்னும் பெரிய எழுத்துக்குரிய 3-ஐக்கூடத் தொடவில்லை. பச்சையை முழுக்க அணைத்துவிட்டால் அது ஆரஞ்சே அல்ல, அப்பட்டமான சிவப்பு. அப்போதும் விகிதம் 4.0-தான். அதாவது, சிவப்பு விளக்கு முழு வேகத்தில் எரியும்வரை, எந்த ஆரஞ்சின்மேலும் சிறிய வெள்ளை எழுத்து விதிப்படி நிற்கவே முடியாது. விதியை நிறைவேற்ற வேண்டுமானால் நிறத்தை மொத்தமாக இருட்டாக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். நீலத்தை இருட்டாக்கினால் கருநீலம் வரும், அதுவும் நீலம்தான். பச்சையை இருட்டாக்கினால் கரும்பச்சை. ஆரஞ்சை இருட்டாக்கினால் கரு ஆரஞ்சு என்று ஒன்று வருவதில்லை. பழுப்பு வருகிறது.

பழுப்பு என்பது மங்கலான ஆரஞ்சைத் தவிர வேறொன்றுமில்லை. வானவில்லில் பழுப்பு கிடையாது. பழுப்பு நிற லேசரும் இல்லை, பழுப்பு ஒளி வீசும் விளக்கும் இல்லை. சுற்றிலும் தன்னைவிட வெளிச்சமான பொருள்கள் இருந்து, நடுவில் ஆரஞ்சு ஒளி குறைவாக வந்தால் மட்டுமே மூளை அதைப் பழுப்பு என்று தீர்மானிக்கிறது. நிற அறிவியலாளர் பார்ட்டில்சன் 1976-இல் இந்த ஒரு நிறத்தைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கைபேசித் திரையில் வெள்ளைப் பின்னணியில் ஒரு பழுப்புக் கட்டத்தை வரவழையுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கறுப்புக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, அந்தக் கட்டம் மட்டும் தெரியும்படி ஒரு கண்ணால் பாருங்கள். சற்று நேரத்தில் பழுப்பு காணாமல் போய் ஆரஞ்சு எரியும். குழலை எடுத்தால் மறுபடி பழுப்பு. திரையிலிருந்து வந்த ஒளியில் ஒரு துளி மாற்றமும் இல்லை. மாறியது பக்கத்திலிருந்த வெள்ளை மட்டும்.

வடிவமைப்பாளருக்கு இதன் பொருள் கொஞ்சம் கசப்பானது. ஒரு பிராண்டுக்கு நீலத்தைத் தேர்ந்தெடுத்தால் வெளிர் நீலத்திலிருந்து கருநீலம்வரை பத்துப் படிகள் இறங்கலாம். எந்தப் படியில் நின்றாலும் பிராண்டு அடையாளம் போகாது. ஆரஞ்சுக்கு அந்த ஏணி இல்லை. மேலே இரண்டு மூன்று படி, கீழே ஒன்றிரண்டு படி, அதோடு சரி. வெள்ளை எழுத்து வாசிக்கும்படி இருக்க வேண்டும் என்று சிவப்பை 194, பச்சையை 65, நீலத்தை 12 என்று இறக்கினால் விகிதம் 5.2-க்கு வந்துவிடுகிறது. விதி நிறைவேறிவிட்டது. ஆனால் அந்த நிறத்தைப் பார்க்கிற யாரும் ஆரஞ்சு என்று சொல்ல மாட்டார்கள். செங்கல் என்பார்கள், காவி என்பார்கள். நம் நாட்டில் காவி என்று தெரிந்துவிட்டால் அதன்பிறகு அது வெறும் நிறமாகவும் இருக்காது.

நிறம் தாண்டியதும் அதன்மேல் மனிதர்கள் ஏற்றி வைத்திருக்கும் உணர்வும் தாண்டிவிடுகிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் 30 நாடுகளைச் சேர்ந்த 4,598 பேரிடம் பன்னிரண்டு நிறப் பெயர்களைக் கொடுத்து, எந்த நிறத்தோடு எந்த உணர்வு சேர்கிறது என்று கேட்டார்கள். ஆரஞ்சுக்கு அதிகம் பேர் சொன்னது மகிழ்ச்சி. பழுப்புக்கு அதிகம் பேர் சொன்னது அருவருப்பு. நிறப் பெயர்களைக் கேட்டு வாங்கிய பதில்கள் இவை. திரையில் நிறத்தைக் காட்டிக் கேட்டவை அல்ல. அதனால் இதை வைத்து ஒரு பொத்தானின் விற்பனையைக் கணித்துவிட முடியாது. என்றாலும், ஒரே நிறத்தின் வெளிச்சப் படிக்கும் மங்கல் படிக்கும் இடையே இவ்வளவு தூரம் என்பது யோசிக்க வைக்கிறது. ஆரஞ்சு பசியைத் தூண்டும், ஆரஞ்சுப் பொத்தான் வைத்தால் வியாபாரம் பெருகும் என்று சந்தைப்படுத்தல் வகுப்புகளில் அடித்துச் சொல்கிறார்களே, அவற்றை நான் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. ஒரு பொத்தான் அதிகம் அழுத்தப்படுவது அது ஆரஞ்சாக இருப்பதாலா, பக்கத்தில் வேறெதுவும் ஆரஞ்சாக இல்லாததாலா என்று அந்த வகுப்புகளில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பிரித்துப் பார்ப்பதற்குக் கண்ணுக்குள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

பகலில் நிறம் காண்பதற்கு நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன. குறு அலைக் கூம்பு சுமார் 420 நானோமீட்டரிலும், நடு அலைக் கூம்பு 530-லும், நெடு அலைக் கூம்பு 560-லும் அதிகம் விழித்துக்கொள்ளும். ஆரஞ்சு ஒளி 590 முதல் 620 நானோமீட்டர்வரை. அது விழும்போது நெடு அலைக் கூம்பு பலமாகவும், நடு அலைக் கூம்பு அதைவிடக் குறைவாகவும் பதில் சொல்லும். குறு அலைக் கூம்பு வாயே திறக்காது. முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் மூன்றாவதன் மௌனமும் சேர்ந்ததுதான் ஆரஞ்சு. கைபேசித் திரையில் ஆரஞ்சுக்கென்று தனி விளக்கு இல்லை. சிவப்பு முழுதாக எரிய, பச்சை பாதி எரிய, நீலம் அணைந்து கிடக்கிறது. கூம்புகள் அதே பதிலைச் சொல்வதால் மூளை ஏமாந்து போகிறது. சுளையை உரித்துத் தின்னும் ஆரஞ்சும் திரையில் தெரியும் ஆரஞ்சும் இயற்பியலில் வெவ்வேறு ஒளிகள்.

நெடு அலைக் கூம்பும் நடு அலைக் கூம்பும் ஒரே மூதாதை மரபணு இரட்டித்துப் பிரிந்ததால் வந்தவை. பழைய உலகக் குரங்குகளின் வழியில் சில கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. பச்சை இலைகளுக்கு நடுவே பழுத்த பழத்தையோ சிவந்த தளிரையோ கண்டுபிடிக்க உதவியதால் இந்தத் திறன் நிலைத்தது என்பது பலர் ஏற்கும் கருதுகோள். போட்டிக் கருதுகோள்களும் உண்டு. எது சரியானாலும், பச்சைக்கும் சாம்பலுக்கும் நீலத்துக்கும் நடுவே ஓர் ஆரஞ்சுப் புள்ளி இருந்தால் நம் கண் அதை உடனே பிடித்துவிடுகிறது.

கடலில் உயிர்காப்பு அங்கி ஆரஞ்சாக இருப்பது இதனால்தான். கறுப்புப் பெட்டி என்று நாம் சொல்லும் விமானப் பதிவுக் கருவியும் உண்மையில் ஆரஞ்சுதான். காட்டிலோ கடலிலோ விழுந்து கிடந்தால் தேடி எடுக்க வேண்டுமே. சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1937-இல் திறக்கப்பட்டபோது அதற்கு அடிக்கப்பட்டிருந்த நிறம் ‘இன்டர்நேஷனல் ஆரஞ்சு’. அமெரிக்கக் கடற்படை கறுப்பு மஞ்சள் பட்டைகள் கேட்டது. ராணுவ விமானப் பிரிவு சிவப்பு வெள்ளைப் பட்டைகள் கேட்டது. எஃகுத் துண்டுகள் துரு பிடிக்காதிருக்கப் பூசப்பட்ட செந்நிற அடிப்பூச்சோடு வந்து இறங்கியிருந்தன. கட்டடக் கலைஞர் இர்விங் மோரோவுக்கு அந்தச் சாயலே பிடித்துப்போய், அதையொட்டிய நிறத்துக்காக வாதாடி வென்றார். ஆரஞ்சு ஒளி மூடுபனியைத் துளைத்து வருவதால் அந்த நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று ஒரு கதை சுற்றுகிறது. அதில் சாரமில்லை. மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேமாதிரிதான் சிதறடிக்கும். சாம்பல் பின்னணிக்கும் ஆரஞ்சுக்கும் உள்ள வேறுபாடுதான் பாலத்தை எடுத்துக் காட்டுகிறது.

மாலை மங்கும்போது கதை மாறும். செக் நாட்டு உடலியலாளர் புர்க்கின்யே 1819-லேயே கவனித்தது இது: பொழுது சாயச் சாயச் சிவப்பு மலர்கள் கறுத்துப் போகும், நீலப் பூக்களும் இலைகளும் வெளிச்சமாகத் தெரியும். மங்கிய ஒளியில் வேலை செய்யும் குச்சிச் செல்கள் 500 நானோமீட்டரை ஒட்டித்தான் கூர்மையானவை. ஆரஞ்சு அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. சாலைப் பணியாளர் போடும் ஆரஞ்சு அங்கியில் வெள்ளிப் பட்டைகள் தைத்திருப்பதன் காரணம் அதுதான். பகலில் ஆரஞ்சு காப்பாற்றும். இரவில் வண்டி விளக்கைத் திருப்பி அனுப்பும் பட்டைதான் காப்பாற்றும்.

பகலிலும்கூட ஆரஞ்சு எடுப்பாகத் தெரிவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: அது தனியாக இருக்க வேண்டும். ஜெர்மானிய உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933-இல் காட்டினார், ஒரேமாதிரியான பட்டியலில் வேறுபட்டு நிற்கும் ஒன்று நினைவில் நன்றாகத் தங்கும் என்று. அந்த ஒன்றைப் பத்தாக்கினால் விளைவு செத்துவிடும். தயிர்ச்சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்ளத்தான். அதையே பிசைந்து சாப்பிட்டால் சோறும் ருசிக்காது, ஊறுகாயும் ருசிக்காது. தலைப்புப் பட்டை, பின்னணி, ஐகான், தள்ளுபடி முத்திரை, பொத்தான் எல்லாமே ஆரஞ்சாக இருக்கும் செயலிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கே அழுத்துவது என்று கண் தேடி அலையும். வெள்ளையும் சாம்பலும் பரந்து கிடக்க, பணம் செலுத்தும் இடத்தில் மட்டும் ஒரே ஓர் ஆரஞ்சு இருந்தால் தேடவே வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஆரஞ்சைப் பின்னணியாக வைக்காமல் எழுத்தாக வைப்பது, அதுவும் கறுப்பின்மேல். முன்பு சொன்ன அதே ஆரஞ்சை, இருண்ட திரைகளில் வழக்கமாகப் பயன்படும் கரிநிறத்தின்மேல் எழுதினால் விகிதம் 9.5-ஐ ஒட்டி வருகிறது. இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1964-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் மூவரும் பிளாஸ்மா திரையை உருவாக்கினார்கள். பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வித் திட்டத்துக்காகச் செய்தது அது. உள்ளே அடைத்தது பெரும்பாலும் நியான் வாயு. நியான் மின்சாரத்தில் ஆரஞ்சாக ஒளிரும். அந்தத் திரைகளின் முன் உட்கார்ந்த மாணவர்களுக்குக் கணினி என்றாலே கறுப்பில் ஆரஞ்சு எழுத்துதான். 1980-களில் பச்சை எழுத்துத் திரைகளுக்குப் போட்டியாக, ஆரஞ்சு கலந்த மஞ்சளில் எழுத்து ஒளிரும் ஆம்பர் திரைகள் விற்றன. வெள்ளைத் தாளை நகலெடுக்கும் மேசைக்கணினி வந்தபிறகுதான் ஆரஞ்சுக்கு இந்தத் தொல்லை தொடங்கியது. இன்று இருண்ட தோற்றம் மறுபடி எல்லாக் கைபேசிக்கும் வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆரஞ்சு தன் சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறது.

பிராண்டுகளின் பக்கம் வந்தால், புகழ்பெற்ற ஆரஞ்சுகள் சில எந்த நிற உளவியலும் பார்த்துப் பிறந்தவை அல்ல. பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் நிறுவனம் 1967-இல் பிளாஸ்டிக் கைப்பிடியுள்ள கத்தரிக்கோலைச் செய்தது. அச்சில் வார்க்கும் இயந்திரத்தில், அதற்குமுன் பழம் பிழியும் கருவி செய்ததில் மிஞ்சிய ஆரஞ்சுப் பிளாஸ்டிக் கிடந்தது. மாதிரியை அதிலேயே வார்த்துப் பார்த்தார்கள். பிறகு ஊழியர்களிடம் வாக்கெடுப்பு நடத்த, ஆரஞ்சு வென்றது. அந்த ஆரஞ்சு 2003-இல் பின்லாந்திலும் 2007-இல் அமெரிக்காவிலும் வணிகக் குறியாகப் பதிவானது. பாரிஸின் ஹெர்மெஸ் நிறுவனத்தின் பெட்டியும் அப்படித்தான். இரண்டாம் உலகப்போரின்போது வழக்கமான வெளிர்நிற அட்டை கிடைக்கவில்லை; வழங்குநரிடம் இருந்தது ஆரஞ்சு அட்டை. இன்று அந்தப் பெட்டி காலியாக இருந்தாலும் விலை போகிறது.

1994-இல் பிரிட்டனில் ஒரு கைபேசி நிறுவனம் தன் பெயரையே ஆரஞ்சு என்று வைத்துக்கொண்டு வந்தது. அதைப் பின்னர் வாங்கிய பிரான்ஸ் டெலிகாம், 2013-இல் தானும் அதே பெயருக்கு மாறிவிட்டது. ஒரு நிறத்தை ஒருவர் இப்படிச் சொந்தமாக்கிக்கொள்ள முடியுமா? அந்தக் கேள்விக்கு ஐரோப்பிய நீதிமன்றம் விடை சொன்ன வழக்கும் தற்செயலாக ஆரஞ்சைப் பற்றியதுதான். நெதர்லாந்தின் லிபர்டெல் என்ற தொலைபேசி நிறுவனம் 1996-இல் ஆரஞ்சைத் தன் வணிகக் குறியாகப் பதியக் கேட்டது. விண்ணப்பத்தில் ஓர் ஆரஞ்சுச் செவ்வகமும் ‘ஆரஞ்சு’ என்ற சொல்லும் இருந்தன. நிறக் குறியீட்டு எண் இல்லை. 2003 மே 6-ஆம் நாள் வந்த தீர்ப்பு இரு தரப்புக்கும் காது கொடுத்தது. தனி நிறம் வணிகக் குறியாகலாம்; ஆனால் தாளில் ஒட்டிய மாதிரி மட்டும் போதாது, காலப்போக்கில் அது வெளிறிவிடும். உலகம் ஒப்புக்கொண்ட குறியீட்டு எண்ணால் அதைச் சொல்ல வேண்டும். அடுத்து நீதிபதிகள் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மக்களுக்கு இரண்டு நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அபூர்வம். ஆகவே அவர்களால் பிரித்தறிய முடிகிற நிறங்கள் சொற்பம். அந்தச் சொற்பத்தை நிறுவனங்கள் ஆளுக்கொன்றாக மடக்கிக்கொண்டால் மற்றவர் எங்கே போவது?

சட்டம் குறியீட்டு எண் கேட்பதற்கு அச்சகத்திலும் ஒரு நியாயம் உண்டு. திரையில் எரியும் ஆரஞ்சு நான்கு மை அச்சில் அப்படியே வராது. மெஜந்தா மையையும் மஞ்சள் மையையும் புள்ளி புள்ளியாகக் கலந்து ஆரஞ்சு செய்கிறார்கள். மைகள் தூய்மையாக இல்லாததால் வேண்டாத ஒளியையும் விழுங்கிவிட, கிடைப்பது சற்று அழுக்கேறிய ஆரஞ்சு. மெஜந்தா கொஞ்சம் கூடினால் சிவந்துவிடும், குறைந்தால் மஞ்சளாகிவிடும். பான்டோன் நிறுவனம் ‘ஆரஞ்சு 021’ என்று ஒரு தனி மையே வைத்திருக்கிறது. ஈஸிஜெட் விமானங்களில் காண்பது அந்த எண்ணைச் சேர்ந்த ஆரஞ்சுதான். 1990-களில் பான்டோன் ஆறு மை அச்சு முறையைக் கொண்டுவந்தபோது, வழக்கமான நான்கோடு சேர்த்த இரண்டு மைகளில் ஒன்று ஆரஞ்சு, மற்றது பச்சை. நான்கு மை முறை எங்கே தோற்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எனவே அழைப்பிதழோ விசிட்டிங் கார்டோ அடிக்கக் கொடுக்கும்போது கைபேசியில் பார்த்த ஆரஞ்சை எதிர்பார்க்காதீர்கள். தாளில் அடித்த மாதிரியைப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

ஆரஞ்சுக்கு எச்சரிக்கை என்றும் ஒரு பொருள் இருப்பதை மறந்துவிடக் கூடாது. வானிலைத் துறையின் வரிசையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ‘ஆரஞ்சு அலர்ட்’ நம் வீட்டுப் பேச்சில் புழங்கும் சொல். தயாராக இருங்கள் என்று பொருள். செயலிகளிலும் எச்சரிக்கைச் செய்தி ஆரஞ்சில்தான் வரும். பிராண்டே ஆரஞ்சாக இருந்தால், ‘உங்கள் கடவுச்சொல் காலாவதியாகப் போகிறது’ என்ற செய்திக்கும் ‘இன்றைய சலுகை’ என்ற செய்திக்கும் ஒரே சட்டை. அப்படிப்பட்ட செயலியில் எச்சரிக்கையை மஞ்சளுக்கோ சிவப்புக்கோ தள்ளிவிட்டு, கூடவே ஒரு குறியையும் வாசகத்தையும் வைக்க வேண்டும்.

குறி வைப்பது வேறொரு காரணத்துக்கும் அவசியம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உண்டு. பிற இடங்களில் விகிதம் சற்றுக் குறைவு. அவர்களில் பலருக்கு ஆரஞ்சும் இளம்பச்சையும் ஒன்றுபோலவே தெரியும். ‘ஆர்டர் உறுதி’ என்பதற்குப் பச்சைப் புள்ளியும் ‘தாமதம்’ என்பதற்கு ஆரஞ்சுப் புள்ளியும் வைத்தால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஆரஞ்சை நீலத்தோடு சேர்த்தால் இந்தக் குழப்பம் இல்லை. நீலம் மட்டுமே எழுப்பும் குறு அலைக் கூம்பு அவர்களுக்கும் சரியாக வேலை செய்கிறது. ஜப்பானின் மசாதாகா ஒகாபே, கெய் இதோ இருவரும் எல்லோர் கண்ணுக்கும் பிரிந்து தெரியும்படி அமைத்த எட்டு நிறத் தட்டில் ஆரஞ்சும் வான்நீலமும் இருக்கின்றன. அறிவியல் வரைபடங்கள் வரையும் மேட்பிளாட்லிப் மென்பொருளின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, வேறொன்றும் சொல்லாவிட்டால் முதல் கோடு நீலம், இரண்டாவது கோடு ஆரஞ்சு. ஆய்விதழ்களில் எங்கு பார்த்தாலும் அந்த ஜோடி தென்படுவது அதனால்தான்.

இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியைப் பற்றியும் ஒரு சொல். அது நீல ஒளியை மட்டுப்படுத்துகிறது. தூக்கக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் விழித்திரைச் செல்கள் 480 நானோமீட்டர் நீலத்துக்குத்தான் அதிகம் அசைந்து கொடுக்கும் என்பது அதன் அடிப்படை. ஆரஞ்சில் நீலமே இல்லாததால் பொத்தான் பெரிதாக மாறாது. ஆனால் சுற்றியுள்ள வெள்ளை ஆரஞ்சை நோக்கி நகர்ந்துவிடும். பகலில் துள்ளிய பொத்தான் இரவில் பின்னணியோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் வடிவமைப்பை ஒருமுறை இரவு பத்து மணிக்கு, அந்த வசதியைப் போட்டுவிட்டுப் பாருங்கள்.

இனி எழுத்து விவகாரத்தை முடித்துவிடலாம். டபிள்யூ3சி-யின் சூத்திரம் வேதவாக்கு அல்ல. ஆரஞ்சுப் பொத்தானில் வெள்ளை எழுத்துதான் எடுப்பாக இருக்கிறது, கறுப்பு எழுத்து கண்ணை உறுத்துகிறது என்று சொல்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். செறிவான நிறங்கள் அளந்த ஒளிர்வைவிட வெளிச்சமாகத் தோன்றுவது போன்ற சில விளைவுகளை அந்த எளிய சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு மாற்றான சூத்திரங்கள் பேச்சில் இருக்கின்றன. ஆனால் இந்த வாதத்தை எழுப்புபவர்கள் பெரும்பாலும் நல்ல பார்வையும் விலையுயர்ந்த திரையும் உள்ளவர்கள். கண்புரை தொடங்கிய அறுபது வயதுக்காரர், மே மாத வெயிலில், கீறல் விழுந்த கைபேசியோடு பேருந்து நிறுத்தத்தில் நின்று டிக்கெட் எடுக்கும்போது 1.98 என்ற எண் வெறும் சூத்திரமல்ல. அவருக்கு அந்தப் பொத்தானில் எழுத்தே இல்லை.

ஆரஞ்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சமாகவே வைத்துக்கொள்ளுங்கள், இருட்டாக்கிப் பழுப்பாக்காதீர்கள். ஒரு திரையில் ஓர் இடத்தில் வையுங்கள். வெள்ளை எழுத்துதான் வேண்டும் என்று நிறுவனம் அடம்பிடித்தால், விகிதம் 3-ஐத் தாண்டும்வரை ஆரஞ்சைச் சிவப்புப் பக்கம் நகர்த்தி, எழுத்தையும் தலைப்பு அளவுக்குப் பெரிதாக்குங்கள். மற்ற எல்லா இடத்திலும் ஆரஞ்சின்மேல் கறுப்பில் எழுதுங்கள்.